திங்கட்கிழமை வேலை, ஞாயிற்றுக்கிழமைக் காற்று

டின் மீனுக்கு அனுமதி இல்லை. கனடாவின் அல்கான்குவின் பூங்காவுக்குள் கனூ ஏறிப் போகக் கிளம்பும் ஈழத் தமிழர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் விதி அநேகமாக இதுதான். பூங்காவின் உட்காட்டுக்குள் தூக்கி எறியும் டின்களும் கண்ணாடிப் புட்டிகளும் கொண்டுபோகக் கூடாது. பியர் டின்னுக்கும் அதே கதிதான். மருந்துப் புட்டி, கொசு விரட்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. யாழ்ப்பாணத்து வீடுகளில் மழை கொட்டும் நாள், சொல்லாமல் விருந்தாளி வந்த நாள், கறிக்கு ஒன்றுமே இல்லாத நாள் எல்லாவற்றுக்கும் கைகொடுப்பது டின் மீன். அது இல்லாமல் காட்டில் பல இரவுகளா?

அனுமதிச்சீட்டு அலுவலகத்தின் வாசலில் நான்கு நண்பர்கள் இந்தக் கேள்வியோடு நின்றார்கள். ஸ்கார்பரோவிலிருந்து விடிகாலையில் கிளம்பி, மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்தவர்கள். மூவர் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: ஒரு கணக்காளர், ஒரு மருந்தாளர், இருவரையும்விட வயதில் மூத்த லாரி ஓட்டுநர் ஒருவர். இவரை எல்லாரும் ‘அண்ணை’ என்பார்கள். நான்காமவர் மதுரையிலிருந்து வந்த மென்பொருள்காரர். இவருக்கு மட்டும் அண்ணை ‘அண்ணே’. டின்கள் அத்தனையும் காரின் டிக்கிக்குத் திரும்பின. மிஞ்சியது அரிசி, பருப்பு, இடித்த சம்பல், பருத்தித்துறை வடை, ஒரு பொதி நெத்தலிக் கருவாடு. கருவாடு டின்னில் இல்லாததால் சட்டப்படி செல்லும். கரடி அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

1893இல் அமைக்கப்பட்ட பூங்கா இது. பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஏரிகள் 2,400க்கு மேல். தெற்கு ஓரமாக ஒரே ஒரு நெடுஞ்சாலை, எண் 60, குறுக்கே ஓடுகிறது. மற்ற இடமெல்லாம் தண்ணீரும் காடும்தான். கனூவில் போவது, ஏரி முடிந்த இடத்தில் கனூவைத் தலையில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடப்பது, கரையில் ஆரஞ்சு நிறப் பலகை தெரிந்தால் அங்கே கூடாரம் அடிப்பது. உள்ளே போக இதைவிட நல்ல வழி இல்லை.

கணக்காளர் இந்தப் பயணத்தை எக்செலில் போட்டு வைத்திருந்தார். எத்தனை மணிக்கு எந்த ஏரி, எந்த வேளைக்கு என்ன சாப்பாடு, ஒருவர் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. அதன் கடைசி வரிசையில் தடித்த எழுத்தில் ஒன்று: ‘ஞாயிறு மாலை 4 மணி, கார்’. திங்கள் காலை நால்வருக்கும் வேலை. அண்ணைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே லாரி.

புயல் பயணக் கதைகளில் வில்லன் புயல் என்றுதான் நினைப்போம். கனூ ஆட்களைக் கேட்டால் அவர்கள் கையை நீட்டுவது அந்தக் கடைசி வரிசையை நோக்கித்தான்.

*

இவர்கள் தேர்ந்தெடுத்த ஏரி ஒபியோங்கோ. பூங்காவிலேயே பெரியது அதுதான். தெற்குக் கை, கிழக்குக் கை, வடக்குக் கை என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும். படகுத்துறை தெற்கு முனையில். அங்கிருந்து வடக்குக் கையின் கோடிக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு மோட்டார் படகில் ஆளையும் கனூவையும் சேர்த்து ஏற்றிப்போய் இறக்கிவிடும் ‘வாட்டர் டாக்சி’ உண்டு. அது ஏன் இருக்கிறது என்று யோசித்திருந்தால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்திருக்கும்.

“உந்தக் காசுக்கு ரெண்டு நாள் சாப்பிடலாம்” என்றார் அண்ணை. “காத்துக்குப் பயமே? நாங்கள் சோளகத்திலையே வள்ளம் விட்ட ஆக்கள்.”

சோளகம் என்பது யாழ்ப்பாணத்துத் தென்மேற்குக் காற்று. அண்ணை பிறந்தது பருத்தித்துறைக் கடற்கரையில். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் விட்ட வள்ளத்துக்குப் பின்னால் வெளியிணைப்பு மோட்டார் இருந்தது, வள்ளத்தின் விளிம்பும் உயரம். கனூ அப்படியல்ல. வாடகைக்குக் கிடைக்கும் கெவ்லார் கனூ இருபது கிலோ சொச்சம்தான் எடை. நடக்கும்போது அது வரம். காற்றில், குறிப்பாகப் பின்னால் ஒருவர் இருந்து முன்னால் சுமை இல்லாவிட்டால், அது காற்றாடி.

காலையில் ஏரி அமைதியாக இருக்கும். நிலம் சூடேறி நண்பகல் ஆகும்போது காற்று எழும்பும், பிற்பகலில் உச்சத்துக்குப் போகும், மாலையில் பெரும்பாலும் தணியும். கோடைக்காலத்துப் பெரிய ஏரிகளின் பொதுவான நாள்முறை இது. நீண்ட ஏரியில் காற்று தடையில்லாமல் ஓடும் தூரம் எவ்வளவு அதிகமோ, அலையும் அவ்வளவு பெரிதாகும். போஃபோர்ட் அளவுகோலில் நான்காம் எண், அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் காற்று வீசும்போது தண்ணீரில் வெள்ளை நுரைத் தலைகள் அடிக்கடி தெரியும். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவருக்கு அந்த வெள்ளைத் தலைகளே போதிய எச்சரிக்கை. அதைப் பார்த்தால் கரையில் உட்கார்ந்து வடை சாப்பிடுவதே சரி.

எக்செல் படி நண்பர்கள் துறையை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் காலை ஒன்பது. டின் மீன் விவகாரம், வாடகைக் கடையில் துடுப்பு அளவு பார்த்தது, மறந்துபோன தீப்பெட்டிக்குத் திரும்பியது எல்லாம் சேர்ந்து கிளம்பியது பிற்பகல் ஒன்றுக்கு. காற்று இவர்களுக்காகக் காத்திருந்த மாதிரி வந்தது.

கனூவில் முன்னால் இருப்பவர் இயந்திரம், பின்னால் இருப்பவர் சுக்கான். இதை ஏற்றுக்கொள்ளாத இரண்டு ஆண்கள் ஒரே கனூவில் இருந்தால் ஏரி அவர்களுக்குப் பாடம் நடத்தும். கணக்காளரும் மருந்தாளரும் ஒரு கனூ. இருவரும் ஒரே நேரத்தில் திருப்பினார்கள், ஆனால் எதிரெதிர்த் திசையில். “நீ பேசாமத் துடுப்பைப் போடு.” “நான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறன், நீதான் சுத்துறாய்.” இந்த உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே கனூ ஒரு முழு வட்டம் அடித்து, புறப்பட்ட திசையைப் பார்த்தபடி நின்றது. பக்கவாட்டு அலை ஒன்று விளிம்பைத் தாண்டி மருந்தாளரின் மடியில் உட்கார்ந்தது.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பித்தவர்கள் செய்வது நான்கு காரியம். இருக்கையை விட்டு இறங்கி முழங்காலில் நிற்பார்கள். உடம்பின் கனம் கீழே இறங்கினால் கனூ உறுதியாகிவிடும். எதிர்க்காற்றென்றால் சுமையைச் சற்று முன்பக்கம் தள்ளுவார்கள்; முன்பக்கம் இலேசாக இருந்தால் காற்று அதைத் தூக்கித் திருப்பிவிடும். அலையை நேராக முட்டாமலும் பக்கவாட்டில் வாங்காமலும் சாய்கோணத்தில் வெட்டிப் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நடு ஏரியைக் குறுக்கே கடக்கும் ஆசையை விட்டுவிட்டுக் கரையை ஒட்டிப் போவார்கள். தூரம் கூடும். ஆனால் கவிழ்ந்தால் நீந்திக் கரை சேரலாம்.

அண்ணை முழங்காலில் நிற்க மறுத்தார். மதுரைக்காரர் உடனே நின்றுவிட்டார், கூடவே மீனாட்சியம்மனையும் கூப்பிட்டார். இந்த இருவரின் கனூதான் முதலில் கரை சேர்ந்தது. அண்ணை இன்றுவரை அதற்குக் காரணம் தன் துடுப்பு என்கிறார்.

உயிர்காப்பு அங்கி பற்றி ஒரு வார்த்தை. கனடாச் சட்டப்படி கனூவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான ஓர் அங்கி இருக்க வேண்டும். சட்டம் கேட்பது அது இருப்பதைத்தான். அதனாலேயே பலர் அதை முதுகுக்குத் தலையணையாகவும் இருக்கைக்கு மெத்தையாகவும் வைத்துக்கொள்கிறார்கள். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்தவரின் நிலையை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், நினைவு தவறுவதற்குள் கிடைக்கும் 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் மெத்தையைத் தேடி எடுத்து மாட்டி ஜிப் இழுக்க முடியாது. ஆகஸ்ட் மாதத்தில் ஒபியோங்கோவின் தண்ணீர் அவ்வளவு கொடுமையாக இருக்காது. மே மாதத்தில் இருக்கும். பனி உருகி அதிக நாளாகாத அந்த நாட்களில்தான் நீண்ட வார இறுதி என்று நகரமே காட்டுக்குப் படையெடுக்கிறது.

அனுபவசாலிக்கு ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு இந்தப் பூங்காவிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஓவியர் டாம் தாம்சன் இங்கே வழிகாட்டியாகவும் தீக்காவலராகவும் இருந்தவர். இந்த ஏரிகளையும் மேற்குக் காற்றையும் அவரைவிட நன்றாக வரைந்தவர் இல்லை. 1917 ஜூலை 8 அன்று ‘கனூ ஏரி’ என்றே பெயருள்ள ஏரியில் தனியாகப் புறப்பட்டார். எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. விபத்தா கொலையா என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது. கனூ ஓட்டத் தெரியாதவர் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

*

ஒபியோங்கோவின் வடக்குக் கையிலிருந்து ஹேப்பி ஐல் என்ற ஏரிக்குப் போக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு போர்ட்டேஜ் உண்டு. சாமானையும் கனூவையும் சுமந்து நடக்கும் பாதைக்குப் பெயர் போர்ட்டேஜ். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, கணக்காளரே அதைத் தவற விட்டார். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடிந்தால் இரண்டு கிலோமீட்டர். இரண்டு நடை என்றால் நான்கு அல்ல, ஆறு. நடுவில் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டுமே. மூன்று நடை என்றால் பத்து. மடக்கு நாற்காலி நான்கு, இரும்பு தோசைக்கல் ஒன்று, ‘இருக்கட்டும்’ என்று எடுத்த இரண்டாவது பனிப்பெட்டி. இவர்கள் மூன்று நடை நடந்தார்கள்.

பழைய காலத்துத் தோல் வணிகத்தில் கனூ ஓட்டிய பிரெஞ்சு-கனடியக் கூலியாட்கள், வோயஜர்கள், ஒரு நடைக்குத் தொண்ணூறு ராத்தல் மூட்டை இரண்டைச் சுமந்தார்கள். ஏறத்தாழ 82 கிலோ. தூரத்தை அவர்கள் புகைபிடிக்க நிறுத்தும் இடைவெளிகளால் அளந்தார்கள். இத்தனை ‘பைப்’ தூரம் என்பார்கள். நம் நண்பர்கள் வடையால் அளந்தார்கள்.

கனூவைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டவருக்குத் தெரிவது தன் பாதமும் அதற்கு முன்னால் இரண்டடி மண்ணும் மட்டுமே. “ஏண்ணே, அண்டாவத் தலையில கவுத்துனாப்பல இருக்கு, நீங்க பேசறது எனக்கு எட்டுத் தடவை கேக்குது” என்று உள்ளேயிருந்து மதுரைக்காரரின் குரல் வந்தது. முன்னால் ஒருவர் நடந்து ‘கிளை, குனி’, ‘பாறை, இடது’ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொன்னவர் மருந்தாளர். அவர் ஒரு கட்டத்தில் நீலப்பழம் பறிக்க நின்றுவிட்டார். மதுரைக்காரர் ஒரு பைன் மரத்துடன் கைகுலுக்கிக்கொண்டார். மரத்துக்குச் சேதமில்லை.

*

ஹேப்பி ஐல் ஏரியில் எந்த முகாம் இடம் என்று சீட்டில் இருக்காது. சீட்டு ஏரிக்குத்தான், முதலில் போகிறவர் நல்ல இடத்தைப் பிடிப்பார். இவர்களுக்குக் கிடைத்தது நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை. மேற்கே திறந்த ஏரி, பின்னால் உயர்ந்த வெள்ளைப் பைன்கள், அஸ்தமனம் பார்க்க இதைவிட இடமில்லை. ஜூனில் கருப்பு ஈயும் கொசுவும் பிய்க்கும்போது காற்று வீசும் முனை நல்லது. புயல் மாதத்தில் அதே முனை எல்லாக் காற்றையும் முதலில் வாங்கிக்கொள்ளும் இடம். ஆகஸ்டில் கொஞ்சம் உள்வாங்கிய, தாழ்ந்த, ஒரே உயரத்து இளமரங்கள் சூழ்ந்த இடம் தேவலை. அஸ்தமனத்தைப் பார்க்க நாலடி நடந்து வந்தால் போதும்.

கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போது எல்லாரும் தரையைத்தான் பார்க்கிறார்கள். சமமா, கல் இருக்கா, வேர் இருக்கா என்று. முதலில் பார்க்க வேண்டியது மேலே: பட்டுப்போன மரம், பாதி முறிந்து தொங்கும் கிளை, ஏற்கெனவே சாய்ந்து இன்னொன்றின் மேல் நிற்கும் தண்டு. 1999 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் மினசோட்டாவில் பவுண்டரி வாட்டர்ஸ் என்ற கனூக் காட்டின் மேல் ‘டெரேச்சோ’ என்ற நீண்ட நேர்கோட்டுப் புயல்வரிசை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 130 முதல் 160 கிலோமீட்டர். அந்தக் காட்டில் முகாமிட்டிருந்தவர்களில் சுமார் 60 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் விழுந்த மரங்களால். மிதவை விமானங்களில் சிலரைத் தூக்கிப் போனார்கள். 2022 மே 21 அன்று இதே வகைப் புயல் தெற்கு ஒன்டாரியோவிலிருந்து கியூபெக் வரை கிழித்துக்கொண்டு போனது. அது விக்டோரியா நாள் நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை. இறந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல், பலர் மேல் விழுந்தது மரம். புயல் என்றதும் மின்னலை நினைக்கிறோம், மரத்தை நினைப்பதில்லை.

நண்பர்கள் துறையை விட்டுக் கிளம்பிய மறுநாள் மாலை நான்கு மணிக்குக் காற்று நின்றது. மேற்கே வெள்ளையாக எழும்பிய மேகத்தின் தலை மேலே போய்த் தட்டையாகப் பரந்து பட்டடைக்கல் வடிவம் எடுத்தது. “நல்ல ஃபோட்டோ” என்றார் மருந்தாளர். இடிமேகம் முழு வளர்ச்சி அடைந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். கைப்பேசியில் வானிலை பார்க்கலாம் என்றால் பூங்காவின் உட்பகுதியில் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. வானத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் பேட்டரியில் ஓடும் ஒரு வானிலை வானொலியாவது வேண்டும்.

பழகியவர்கள் முகாமில் இறங்கியதும் முதலில் கட்டுவது தார்ப்பாய். கூடாரம் அதற்குப் பிறகுதான். மூன்றுக்கு நான்கு மீட்டர் தார்ப்பாய் ஒன்று, காற்றுவரும் பக்கம் தாழ்த்தி, மற்றப் பக்கம் உயர்த்திக் கட்டினால் சமையலும் சண்டையும் அதன் கீழே நடக்கும். நம்மவர்கள் முதலில் நாற்காலியை விரித்தார்கள். தார்ப்பாய் எங்கே என்று கேட்டபோது அது எல்லாப் பைக்கும் அடியில் இருந்தது. நால்வரும் நாலு மூலையைப் பிடித்து ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டார்கள். முதல் பெருங்காற்றில் அண்ணை போட்ட மீனவர் முடிச்சு மட்டும் நின்றது. தார்ப்பாய் அந்த ஒரு மூலையில் தொங்கியபடி கொடியாகப் பறந்தது. அந்த ஒரு மாலை அண்ணையின் கடல் பெருமைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

கூடாரத்துக்குள் தண்ணீர் வந்ததற்குக் காரணம் மழை அல்ல, விரிப்பு. கூடாரத்தின் கீழே போடும் நிலவிரிப்பு கூடாரத்தைவிடப் பெரியதாக இருந்து விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேலிருந்து வடியும் தண்ணீர் எல்லாம் அதில் இறங்கி, அடியில் தேங்கி, படுக்கைக்குத் தொட்டி கட்டிக் கொடுத்துவிடும். விரிப்பு கூடாரத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் குறைவாக இருக்க வேண்டும், அல்லது உள்ளே மடித்துச் செருக வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பெரிதாக இருந்தால் நல்லது என்று பெரியதையே விற்பார்கள்.

பிறகு இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவது சின்ன வயதில் எல்லாரும் விளையாடியதுதான். ஒலி ஒரு கிலோமீட்டர் வரச் சுமார் மூன்று விநாடி. 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தண்ணீரில் இருந்தால் அதற்கு முன்பே கரை ஏறியிருக்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்பவும் தண்ணீரைத் தொட வேண்டும். கூடாரம் மின்னலிலிருந்து காக்காது; அதன் கம்பிகளும் உதவாது. காட்டுக்குள் கட்டடம் இல்லாத இடத்தில் முழுப் பாதுகாப்பு என்று எந்த நிலையும் இல்லை. முனையையும் தனித்த உயர்மரத்தையும் விட்டு விலகி, எல்லாரும் ஒரே இடத்தில் குவியாமல் இடைவெளி விட்டு, படுக்கை மெத்தையைச் சுருட்டி அதன்மேல் கால்களைச் சேர்த்துக் குந்தியிருப்பது இருப்பதில் நல்லது. இடைவெளி விட்டிருப்பதன் காரணம் கொஞ்சம் கடுமையானது: ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் முதலுதவி செய்ய மிஞ்ச வேண்டும்.

நான்கு பேர், இருபது மீட்டர் இடைவெளியில், இளமரங்களுக்குள், ஆளுக்கொரு மெத்தையில், மழையில் குந்தியிருந்தார்கள். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

“எண்ணு, எண்ணு!”

“ஒண்டு, ரெண்டு, மூண்டு...” டமார்.

“ஒரு கிலோமீட்டர்.”

“டேய், நீ வேகமா எண்ணுறாய்!”

“மெதுவா எண்ணினா தூரமாப் போயிடுமே?”

இந்த இடத்தில் மருந்தாளருக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. அல்கான்குவின் உட்காட்டில் கழிவறை என்பது காட்டுக்குள் ஒரு குழிமேல் வைத்த மரப்பெட்டி. மேலே ஒரு மூடி, சுவரும் கூரையும் கிடையாது. இதைப் பழையவர்கள் இடிப்பெட்டி என்றே அழைக்கிறார்கள். அந்த நேரத்தில் பெயர் ரொம்பப் பொருந்தியது.

*

புயல் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு வரும் குளிர்தான் ஆளைத் தின்கிறது. ஆகஸ்ட் இரவிலும், நனைந்த ஜீன்ஸோடு உட்கார்ந்திருந்தால் உடம்பு வெடவெடக்கும். பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை இழையோ நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஒரு ஜோடி உலர்ந்த உடுப்பை நீர் புகாப் பையில் போட்டு, தூங்க மட்டும் எடுக்க வேண்டும் என்பது கனூ ஆட்களின் கட்டுப்பாடு. காலையில் எழுந்ததும் அதைக் கழற்றி, பழைய ஈர உடுப்பையே திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும். கேட்கக் கொடுமைதான். ஆனால் இன்றைக்கு உலர்ந்ததை நனைத்தால் நாளைக்கு இரவு உடுத்த ஒன்றும் இருக்காது. கணக்காளரிடம் மட்டும் அப்படி ஒரு பை இருந்தது. மற்ற மூவருக்கும் கைகொடுத்தது அண்ணை கொண்டுவந்த நான்கு சாறங்கள், அதாவது கைலிகள். துவாய், போர்வை, உடைமாற்றும் திரை, தலைப்பாகை என்று எல்லாவற்றுக்கும் அது ஆனது.

ஈர விறகில் தீ மூட்ட மதுரைக்காரருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் எல்லாருக்கும் வியப்பு. மழையில் கிடந்த கட்டையின் மேல்தோல்தான் ஈரம். கைக்கோடரியால் பிளந்தால் உள்ளே காய்ந்த மரம் இருக்கும். அதைச் சீவிச் சுருளாக்கி, கீழே விழுந்து கிடக்கும் பிர்ச் பட்டையில் பற்ற வைத்தால் போதும். அந்தப் பட்டையில் எண்ணெய் உண்டு, ஈரத்திலும் எரியும். நிற்கும் மரத்தில் உரிக்கக் கூடாது. மரத்துக்கும் கேடு, விதிக்கும் புறம்பு. “எங்க ஊர்ல அடுப்பு ஊதாதவன் யாரு” என்றார் அவர்.

கருவாடு அன்றிரவு சமைக்கப்பட்டது. வாசனை ஹேப்பி ஐல் ஏரி முழுவதும் மகிழ்ச்சியைப் பரப்பியது. அப்போதுதான் ஒருவருக்குக் கரடி நினைவு வந்தது. ஒன்டாரியோவின் பூங்காக்களில் உணவைத் தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தொங்கவிடச் சொல்கிறார்கள். பற்பசை, சோப்பு, எண்ணெய்ச் சட்டி எல்லாமே உணவுக் கணக்கில் சேரும். எல்லாரும் வாங்கும் நீலப் பீப்பாய் வாசனையைக் குறைக்கும், கரடியைத் தடுக்காது. அதையும் தொங்கவிட வேண்டும். இங்கே கருங்கரடி மனிதரைத் தாக்குவது மிக அரிது. ஆனால் 1991 அக்டோபரில் ஒபியோங்கோவின் பேட்ஸ் தீவில் முகாமிட்டிருந்த இருவர் கரடியால் கொல்லப்பட்டார்கள். அதனால் இந்தப் பூங்காவில் அந்த விதியை யாரும் சிரித்துக்கொண்டு தள்ளிவிடுவதில்லை. இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிக் கிளைக்கு மேல் எறிந்தார்கள். கல் திரும்பி வந்து விழுந்தது, பல தடவை. இந்த வேலையைப் பகலில், புயலுக்கு முன்பே முடித்துவைப்பது நல்லது.

நள்ளிரவில் ஏரியிலிருந்து ஒரு பெண் அலறுவதுபோல் குரல் வந்தது. மூன்று கூடார ஜிப்புகள் ஒன்றாக மூடப்பட்டன. அது லூன் பறவை. 1987 முதல் கனடாவின் ஒரு டாலர் காசில் நீந்திக்கொண்டிருக்கும் அதே பறவைதான். இருபது வருடமாகச் சட்டைப்பையில் சுமந்தும் அதன் குரலை யாரும் கேட்டதில்லை.

*

ஞாயிறு. புயலுக்குப் பின்னால் வந்த குளிர்முகம் வடமேற்குக் காற்றை இழுத்து வந்திருந்தது. மூன்று நடையில் போர்ட்டேஜைக் கடந்து ஒபியோங்கோவின் வடக்குக் கைக்கு வந்து நின்றபோது மணி பதினொன்று. ஏரி முழுக்க வெள்ளைத் தலைகள்.

“பின்காத்துத்தானே” என்றார் அண்ணை. “சாறத்தைப் பாயாக் கட்டினா ஒரு மணித்தியாலத்திலை துறை.”

பின்காற்று நல்ல நண்பன் என்பது கரையிலிருந்து பார்ப்பவரின் கருத்து. காற்று புறப்படும் கரையோரம் தண்ணீர் சிறிய அலையோடுதான் இருக்கும், அதனால் தைரியம் வரும். போகப் போக அலை வளரும். பின்னாலிருந்து தூக்கும், கனூவைத் திருப்பிப் பக்கவாட்டில் போட்டுவிடும். நடுவில் வந்த பிறகு திரும்பவும் முடியாது. சாறத்தை உண்மையாகவே இரண்டு துடுப்பில் கட்டிப் பார்த்தார்கள். கரையோரம் முழங்கால் ஆழத்தில், ஒரு பதினைந்து மீட்டர் வெகு அழகாகப் போனது. பிறகு சாறம் மட்டும் போனது.

அதே கரையில் வயதான ஒரு தம்பதி முகாம் போட்டிருந்தார்கள். ஆள் ஊஞ்சல் வலையில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார், அம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அவர்களும் அன்றைக்குத்தான் வெளியேற வேண்டியவர்கள். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, “நாளை விடியற்காலை, நாலரைக்கு” என்றார் அவர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். வோயஜர்களும் விடியும் முன்பே, காற்று எழுவதற்குள், பல மணி நேரம் துடுப்புப் போட்டு முடித்துவிடுவார்கள். சாப்பாடு அதன் பிறகுதான்.

இங்கே நால்வருக்கும் இடையில் நடந்த விவாதம்தான் இந்தப் பயணத்திலேயே மிகவும் ஆபத்தான நேரம். புயலில் யாருக்கும் முடிவெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருந்தது. கணக்காளர் கடைசி வரிசையைக் காட்டினார். அண்ணை லாரியைச் சொன்னார். மதுரைக்காரர் காலை ஒன்பது மணிக் கூட்டத்தைச் சொன்னார். காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மருந்தாளர்தான், மடியில் அலை வாங்கியவர், கேட்டார்: “திங்கட்கிழமை கடை திறக்காட்டி ஆர் சாகப் போகினம்?” கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அண்ணை தார்ப்பாயைப் பிரித்தார்.

கணக்காளர் வாடகைக்கு எடுத்து வந்த சாட்டிலைட் செய்திக்கருவி அன்றைக்குத்தான் முதல்முறை பையை விட்டு வெளியே வந்தது. அதில் ஆபத்துப் பொத்தானும் உண்டு, குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2022 நவம்பருக்குப் பிறகு புதிய ஐபோன்களிலும் கனடாவில் சாட்டிலைட் வழி அவசரச் செய்தி வேலை செய்கிறது. ஆனால் அது உயிராபத்துக்கு, லீவு சொல்ல அல்ல. அண்ணை மனைவிக்கு அனுப்பினார்: ‘எல்லாரும் சுகம். காற்று. நாளைக்குத்தான் வருவம். லாரிக் கொம்பனிக்குச் சொல்லு.’ பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘சொல்லியாச்சு. வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ.’

கிளம்புவதற்கு முன் எந்த ஏரி, எந்த இரவு, எத்தனை மணிக்குள் தொடர்பு இல்லாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வருவது நல்லது. அதில் ஒருநாள் கூடுதலாகப் போட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவரைத் தேடி மீட்புக் குழு கிளம்பும்.

மிஞ்சிய அரிசி ஒரு வேளைக்குத்தான். பருப்பு இருந்தது. தம்பதி ஒரு ரொட்டி கொடுத்தார்கள், பதிலுக்கு இடித்த சம்பல் போனது. அதைக் கரண்டி நிறைய வாயில் போட்ட அந்த மனிதர் ஊஞ்சலை விட்டு எழுந்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த பயணத்துக்கான எக்செல் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறது. உட்காட்டு முன்பதிவு ஐந்து மாதம் முன்பே, காலை 7 மணிக்குத் திறக்கும். கணக்காளர் அலாரம் வைத்திருக்கிறார். கடைசி வரிசைக்கு மேலே ஒரு புது வரிசை வந்திருக்கிறது: ‘காற்று நாள், வேலை லீவு’. ஒபியோங்கோவை விட்டுவிட்டு, சின்ன ஏரிகளாகக் கோத்துப் போகும் பாதை ஒன்றை மருந்தாளர் பார்த்திருக்கிறார். புதியவர்கள் முதலிலேயே செய்ய வேண்டியது அதுதான். அண்ணை ஒபியோங்கோதான் வேண்டும் என்கிறார், ஆனால் வாட்டர் டாக்சியில். காசு அதிகம் என்று மதுரைக்காரர் சொன்னதற்கு, “உந்தக் காசைப் பாத்து ஏரியிலை நிக்கேலுமே?” என்று வாட்ஸாப்பில் கேட்டிருக்கிறார். யார் பின்னால் உட்காருவது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கு இரண்டு.